வாடை தணிந்த கடல்

இராமேசுவரத் தீவின் கீழைக்கோடியில், தனுஷ்கோடி மணல்முனையிலே கிழக்கு நோக்கி நிற்பவருக்கு, இடக்கைப் பக்கம் ஒரு கடலும் வலக்கைப் பக்கம் மற்றொரு கடலுமாக, ஒரே வானத்தின் கீழ், ஒரே நாளில், ஒன்றுக்கொன்று சற்றும் ஒவ்வாத சுபாவத்தோடு கிடக்கும் இரண்டு நீர்ப்பரப்புகள் தென்படும். வடக்கே கிடப்பது பாக் விரிகுடா. புராணம் அறிந்தோர் அதனை மகோததி என்பர். தெற்கே விரிவது மன்னார் வளைகுடா. அதற்கு இரத்தினாகரம் என்று பெயர். தீவு மக்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் வழங்குவர். தொழிலுக்குப் போகிறவர்களோ வடகடல், தென்கடல் என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்வர். பெண்கடல் என்ற பெயரைக் கேட்டு, அது ஆண்டு முழுவதும் சாந்தமாய் இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. ஐப்பசியில் வாடை எழுந்தது முதல் தை முதிரும் வரையில் வடகடல் குமுறிக்கொண்டே இருக்கும். அந்த மாதங்களில் தென்கடல் தீவின் மறைவிலே ஒதுங்கி அமைதியாய்க் கிடக்கும். வைகாசியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் இந்த நிலைமை தலைகீழாக மாறும். ஆகவேதான் பாம்பன், இராமேசுவரம், மண்டபம் ஆகிய ஊர்களின் நாட்டுப்படகுக்காரர்கள், காற்று மாறும்தோறும் படகை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கொண்டுபோவதைத் தலைமுறை தலைமுறையாக ஒரு நியமமாகவே கொண்டிருக்கிறார்கள்.

இவ்விரண்டு கடலும் ஏறத்தாழ ஒரே நிதானத்தை அடையும் குறுகிய காலம் ஒன்று உண்டு. தையின் பிற்பகுதியில் அதன் அறிகுறிகள் தோன்றும். மாசியில் அது நிலைபெறும். பங்குனி முடிவதற்குள் வெயில் அதனைக் கடந்துபோய்விடும். குளிர்காலம் விடைபெற, நீரிலே மெல்லமெல்ல உஷ்ணம் ஏற, கலங்கல் அடங்கி, நீரோட்டம் திசைமாறி, கடலடித் தரையில் ஒட்டிக் கிடந்த ஜீவராசிகள் மேலெழுந்து உலவத் தொடங்கும் அந்த ஒன்றரை இரண்டு மாதங்களைப் போல், கரையோர மீன்பிடிப்பில் நுட்பமும் பயனும் நிறைந்த காலம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதைப் போல் எளிதில் கெடுத்துவிடக்கூடிய காலமும் வேறில்லை.

காற்றும் சேறும்

நீர் சூடேறினால் மீன் வரும் என்று கரையில் இருப்போர் சொல்வதுண்டு. அது பொய்யன்று, ஆயினும் அரைகுறையான உண்மை. உஷ்ணம் இந்த மாறுதலின் கடைசிப் படியிலே வருவது. அதற்கு முன்னே நிகழவேண்டியவை சில உண்டு. அவை ஒரு கிரமத்தோடு நிகழ்கின்றன. அந்தக் கிரமத்தில் ஒன்று பிசகினாலும், வெயில் எவ்வளவு காய்ந்தாலும் மடியில் மீன் விழாது.

முதலாவது காற்று. மார்கழியில் மத்திய ஆசியாவின் பரந்த நிலப்பரப்பு உறைந்து கிடக்க, அதன்மேல் கனத்துத் தேங்கிய குளிர்ந்த காற்று, வெப்பம் மிக்க தென்சமுத்திரத்தை நோக்கிப் பாய்வதே நாம் வாடை என்று அறிவது. சூரியன் உத்தராயணத்தில் வடக்கே நகர நகர, அந்த நிலம் சிறிது சிறிதாகச் சூடேற, அழுத்த வேறுபாடு குறைந்து வாடையின் வேகம் தளர்கிறது. முதலில் அது கொண்டலாகக் கிழக்கே சாய்கிறது. பிறகு, நாளுக்கு நாள் தென்கிழக்கு நோக்கி இறங்கி, ஈற்றில் தென்காற்றாகிய சோழகத்துக்கு இடம் விடுகிறது. பெருங்காற்றின் பிடி இவ்வாறு தளர்ந்ததும், நிலத்துக்கும் கடலுக்கும் இடையே நாள்தோறும் நடக்கும் சிறு காற்றுப் பரிமாற்றம் தலைதூக்குகிறது: பின்னிரவில் கரையிலிருந்து கடலுக்கும், நண்பகலுக்குப்பின் கடலிலிருந்து கரைக்கும் வீசும் காற்று. இயந்திரம் இல்லாத காலத்தில் பாய் விரித்துச் சென்றவர்கள், கரைக்காற்றிலே போய்க் கடற்காற்றிலே திரும்புவதைத் தங்கள் தொழிலின் கால அட்டவணையாகவே வைத்திருந்தார்கள். வாடை உக்கிரமாக இருக்கும் நாட்களில் அந்த அட்டவணை செல்லாது.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. பனி நன்றாக இறங்கவேண்டுமானால் இரவில் மேகமும் கூடாது, பலத்த காற்றும் கூடாது. ஆகவே, உழவர் குடியில் பிறந்த அந்தப் பழமொழி கடலோடிக்கும் ஒரு சேதி சொல்கிறது: விடியற்காலையில் படகின் விளிம்பு பனியில் நனைந்திருந்தால், இரவெல்லாம் காற்று அடங்கியிருந்தது என்று பொருள்.

காற்றுக்கு அடுத்தது சேறு. பாக் விரிகுடா மிக ஆழம் குறைந்த கடல். அதன் பெரும்பாகத்தில் 10 மீட்டர் ஆழம்கூட இல்லை. அத்தகைய கடலில் எழும் அலையின் அசைவு மேற்பரப்போடு நின்றுவிடாமல் அடித்தரை வரையில் சென்று எட்டுகிறது. தரையில் படிந்த நுண்சேறு எழும்பி, நீர் முழுவதும் பழுப்பேறிவிடுகிறது. மழைக்காலத்தில் ஆறுகள் கொணர்ந்து கொட்டும் வண்டலும் அதனோடு கலக்கும். வாடை நின்ற பிறகும் இந்தச் சேறு உடனே அடங்குவதில்லை. பல நாட்கள் காற்று ஓய்ந்திருந்தால்தான் அது படியும். இடையிலே ஒருநாள் வாடை திரும்பி வீசினாலும், படிந்ததெல்லாம் மீண்டும் கிளம்பும். மாசி மாதத்தின் முற்பகுதியில் மீன்பாடு ஒருநாள் கொழித்து மறுநாள் வெறுமையாவதற்கு இந்தத் தடுமாற்றமே பெரும்பாலும் காரணம்.

தெளிவு வந்ததும் அடித்தரையிலே சூரியவெளிச்சம் விழுகிறது. அங்கே பரந்து கிடப்பவை கடற்புல் வெளிகள். பாக் விரிகுடாவின் உண்மையான சம்பத்து அவைதாம். மாதக்கணக்கில் வெளிச்சம் குன்றிக் கிடந்த புல் துளிர்க்கிறது. ஒராமீன் அதனை மேய வருகிறது. கிழங்கானும் நகரையும் மணலைக் கிளறுகின்றன. காரல் கூட்டம் கூட்டமாக அலைகிறது. ஆவுளியா என்று கரையோர மக்கள் வழங்கும் கடற்பசுவுக்கும் இந்தப் புல்லே ஆகாரம். தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை அடுத்து 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாட்டரசு 2022-ஆம் ஆண்டில் அறிவித்தது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது.

தெளிவு மீனுக்கு உதவுவதைப் போலவே மீனவனுக்கு இடையூறாகவும் முடியும் என்பதை இங்கே குறிப்பிடவேண்டும். பாரை, கட்டா, ஊளி, வஞ்சிரம் முதலிய வேட்டைமீன்கள் கண்ணால் இரை தேடுபவை; கலங்கல் நீரில் ஒதுங்கியிருக்கும் அவை, தெளிந்த நீரில் சிறுமீன் திரளைத் துரத்திக்கொண்டு கரையை நெருங்கும். ஆனால் கண்ணுள்ள மீன் வலையையும் காணும். ஆகையால், தெளிந்த கடலில் செவுள்வலை விரிப்பவர்கள் அந்தி மயங்கும் வேளையையும் நிலவில்லாத இரவையும் நாடுகிறார்கள்; பகலில் தூண்டிலுக்கே மதிப்பு அதிகம். இருட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. நீரிலுள்ள நுண்ணுயிர்கள் ஒளிவிடும் இரவுகளில், வலையின் ஒவ்வொரு கண்ணியும் பச்சொளியில் மின்னி, தான் இருக்கும் இடத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். அத்தகைய இரவில் அனுபவசாலிகள் வலையை இறக்காமல் திரும்பிவிடுவார்கள்.

திசைமாறும் நீர்

மூன்றாவது மாறுதல் கரையிலிருந்து பார்ப்போர் கண்ணுக்குப் புலப்படாதது. என் மதிப்பில் எல்லாவற்றையும்விட முக்கியமானதும் அதுவே. வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையை ஒட்டி ஒரு பெரும் நீரோட்டம் ஓடுகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரையில் அது வடக்கிலிருந்து தெற்கே பாய்கிறது. மழைக்காலத்தில் கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் கோதாவரியும் கடலிலே சேர்த்த நன்னீர், உப்புநீரோடு முழுவதும் கலந்துவிடாமல், மேலே மிதக்கும் ஒரு படலமாகி, இந்த ஓட்டத்திலே தமிழ்நாட்டுக் கரையைக் கடந்து இலங்கையை நோக்கிச் செல்கிறது. கார்த்திகையில் கோடியக்கரைக்கு எதிரே நீரை அள்ளிப் பார்ப்பவன் கையில், எங்கோ இமயத்தில் பெய்த மழையின் ஒரு பங்கும் இருக்கிறது என்று நினைக்கும்போது, பூகோளப் புத்தகத்தில் படித்ததெல்லாம் சட்டென்று உயிர்பெற்றுவிடுகிறது.

தை, மாசியில் இந்த ஓட்டம் தளர்ந்து, நின்று, எதிர்த்திசையில் திரும்புகிறது. பிப்ரவரியிலிருந்து மே வரையில் அது தெற்கிலிருந்து வடக்கே பாய்கிறது. அதனோடு உப்பு மிகுந்த நீர் வருகிறது. சென்னையை அடுத்த குப்பங்களில் வடக்கிலிருந்து வரும் ஓட்டத்தை வண்ணி என்றும் தெற்கிலிருந்து வருவதைத் தெண்டி என்றும் சொல்வார்கள். இந்த மாற்றத்தைக் கண்டுகொள்ள அவர்களுக்கு யந்திரம் தேவைப்படுவதில்லை. நங்கூரம் போட்ட படகு எந்தப் பக்கம் முகம் திருப்பிக்கொள்கிறது, இறக்கிய தூண்டில்கயிறு எந்தப் பக்கம் சாய்கிறது, விரித்த வலையின் மிதவைகள் எந்தத் திசையில் வில்லாக வளைகின்றன என்பவற்றிலிருந்து, மேலே ஓடும் நீர் ஒரு பக்கமும் அடியில் ஓடும் நீர் மறுபக்கமுமாகப் பிளந்திருக்கும் சூட்சுமத்தைக்கூட அவர்கள் தெரிந்துகொள்கிறார்கள். திரும்பும் தறுவாயில் இத்தகைய இரட்டை ஓட்டம் நிகழுமானால் வலை முறுக்கிக்கொள்ளும். அன்றைக்குத் தொழில் நடவாது. பாம்பன் கால்வாயிலும் வாடைக்காலத்தில் வடகடலின் நீர் தென்கடலுக்கு இறங்கும். பருவம் மாறியதும் எதிர்த்து ஏறும். இரண்டு கடலின் உயிரினங்களும் ஒன்றுக்கொன்று போக்குவரத்து வைத்துக்கொள்ளும் வாசல்களில் அதுவும் ஒன்று.

இதே மாதங்களில் தூத்துக்குடியிலும் வேதாரணியத்திலும் உப்பளங்களில் பாத்திகளைச் சீர்செய்து கடல்நீரைப் பாய்ச்சுகிறார்கள். மழை நின்றதும், வெயில் ஏறுவதும், வரும் நீரில் உப்புச் செறிவதும் அவர்களுக்கும் ஒருங்கே வேண்டியவை. உப்பு விளைவிப்போரும் மீன் பிடிப்போரும் ஒரே மாறுதலையே எதிர்நோக்கிக் காத்திருக்கிறார்கள்.

இனி உஷ்ணத்துக்கு வருவோம். மார்கழி, தை மாதங்களில் 26 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும் பாக் விரிகுடாவின் மேல்நீர், சித்திரையில் 30-ஐ எட்டி 31-ஐத் தொடவும் கூடும். ஆண்டு முழுவதற்குமான வேறுபாடு ஐந்து பாகைதானே என்று குளிர்நாட்டார் வியக்கலாம். ஆனால் மீன் தன் உடம்பின் உஷ்ணத்தைத் தானே காத்துக்கொள்ளும் பிராணியன்று. சுற்றியுள்ள நீரின் உஷ்ணமே பெரும்பாலான மீன்களுக்குத் தேகத்தின் உஷ்ணம். 10 பாகை உயர்ந்தால் அதன் உடலில் நிகழும் வேதிமாற்றங்களின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும் என்பது விஞ்ஞானிகள் கண்ட பொதுவிதி. அந்தக் கணக்கில், இரண்டு மூன்று பாகை ஏற்றமும் மீனின் பசியை வளர்க்கவும், ஜீரணத்தை விரைவாக்கவும், கருவை முதிரச்செய்யவும் போதுமானது. அதே சமயத்தில், சூடேறிய நீரில் பிராணவாயு கரைவது குறைகிறது. நிறைந்த உப்புள்ள கடல்நீரில், 25 பாகையில் லிட்டருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் கரையும் பிராணவாயு, 30 பாகையில் 6.2 அளவுக்கு இறங்கிவிடும். பசி ஏறுகிறது, மூச்சுக்காற்று குறைகிறது. ஆகையால் நீர் சூடேறச் சூடேற மீன்பாடும் பெருகிக்கொண்டே போகும் என்பதற்கில்லை. நன்மை ஓர் எல்லை வரையில்தான். அந்த எல்லைக்கு இப்புறம் உள்ளது மாசி; அப்புறம் உள்ளது சித்திரை.

ஆழமில்லாத கடல் ஒரே பகலில் சூடேறும். ஒரே இரவில் ஆறவும் செய்யும். முழங்கால் அளவும் இடுப்பளவும் நீர் நிற்கும் கடற்புல் திட்டுகளில் விடியற்காலையில் இருக்கும் குளிர்ச்சிக்கும் பிற்பகலில் இருக்கும் வெதுவெதுப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காலை வைத்தாலே உணரலாம். அதற்கேற்ப மீன்களும் ஆழத்துக்கும் கரைக்குமாக நாள்தோறும் போய்வருகின்றன. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நீரேற்றமும் வற்றமும் மிகும். நம் கரையில் அது ஒரு மீட்டருக்கும் குறைவான வேறுபாடே என்றாலும், பரந்து தாழ்ந்த திட்டுகளில் அந்தச் சிறு வேறுபாடு வெகுதூரம் நீரை இழுத்துச் செல்லும். வற்றும் நீர் திட்டுகளிலிருந்து ஓடைகளின் வழியே வடியும் இடங்களில் ஊளியும் பாரையும் காத்திருக்கும். அவற்றுக்குக் காத்திருப்பவனே தேர்ந்த தூண்டில்காரன்.

இந்த வெதுவெதுப்பிலே தாவர நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்று மிதக்கும் சிறு பிராணிகள் பெருகுகின்றன. அவற்றைத் தேடி நெத்திலியும் சூடையும் காரலும் திரள்கின்றன. காற்று முழுவதும் அடங்கிய பங்குனி நாட்களில், சிலசமயம் கடலின்மேல் மரத்தூளைத் தூவினாற்போல் பழுப்பு நிறமான ஒரு படலம் மைல் கணக்கில் நீண்டு கிடக்கும். அது அழுக்கன்று, டிரைக்கோடெஸ்மியம் என்னும் நுண்ணுயிர், காற்றிலுள்ள தழைச்சத்தைத் தானே கிரகித்துக்கொள்ளும் ஆற்றலால், வேறு சத்துக் குறைந்த வெந்நீரிலும் கொழித்து வளர்ந்து மிதப்பது. அது செத்து அழுகும் இடத்தில் மீன் ஒதுங்கிவிடும். வெயில் ஏற ஏறச் சொறிமீன்களும் வலைகளில் வந்து அடைந்து, இழுப்பவர் கையைப் பதம் பார்க்கத் தொடங்கும். பருவம் முதிர்ந்துவிட்டதற்கு இவையெல்லாம் அடையாளங்கள்.

கரையின் கொண்டாட்டமும் பழைய முத்துக்களும்

கடல் இவ்வாறு இணங்கி வரும் காலத்தை நம் முன்னோர் அறியாமல் விட்டுவிடவில்லை. மாசி மகத்தன்று கோயில் மூர்த்திகளைக் கடற்கரைக்கு எழுந்தருளச் செய்து தீர்த்தவாரி நடத்தும் வழக்கம் சோழமண்டலக் கரை நெடுகிலும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர், மயிலைத் திருவிழாக்களை மாதவாரியாக எண்ணிப் பாடிய பூம்பாவைப் பதிகத்திலும் மாசி மாதத்துக் கடலாடலுக்கு ஓர் இடம் தந்திருக்கிறார். கார்த்திகையிலோ மார்கழியிலோ ஜனசமூகம் முழுவதும் கடலில் இறங்கி நீராடுவது நடக்கக்கூடிய காரியமா? கச்சத்தீவு அந்தோணியார் ஆலயத் திருவிழாவும், தவக்காலத்தையொட்டிப் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வருகிறது. இராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணக் கரையிலிருந்தும் படகுகளில் வந்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒருவரையொருவர் கண்டு பேசும் அந்த மீனவக் குடும்பங்களுக்கு நடுவே கடல் வழிவிட்டு நிற்பது, இந்தப் பருவத்தின் புண்ணியம் என்றே சொல்லவேண்டும்.

இந்தக் காலத்தின் அருமையை நன்கு உணர்ந்து பயன்படுத்திக்கொண்ட தொழில் முத்துக்குளிப்பு. மூச்சடக்கி மூழ்குகிறவனுக்கு அலையும் ஆகாது, கலங்கலும் ஆகாது, குளிரும் ஆகாது. ஆகவே, மன்னார் வளைகுடாவின் முத்துச்சலாபங்களைப் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே நடத்தினார்கள். பாண்டியர், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று அதிகாரம் கைமாறியதே தவிர, மாதம் மாறவில்லை; அதைத் தீர்மானித்தது காற்று. இலங்கைக் கரையில் 1905-ஆம் ஆண்டு நடந்த சலாபத்தில் எட்டுக்கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் வாரப்பட்டன. அதற்கு இரண்டாண்டுக்குப்பின் அந்தக் கரையில் சலாபம் நின்று, நெடுங்காலம் நடைபெறவில்லை. தூத்துக்குடிக் கரையில் 1955-இல் தொடங்கிய வரிசையில் 1961-இல் நடந்ததே கடைசி. சிப்பிப்பார்கள் அழிந்ததற்கு இயற்கையின் காரணங்களும் உண்டு. நீரோட்டத்தின் போக்கு, மணல் மூடுதல், சிப்பியைத் தின்னும் மீன்கள் முதலியவற்றைக் கடலுயிர் ஆராய்ச்சியாளர் ஹெர்ட்மனும் அவருடைய துணைவராக வந்த ஜேம்ஸ் ஹார்னெலும் அந்நாளிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். எனினும், கடல் கைகொடுக்கும் சில வாரங்களுக்குள் முழுவதையும் வாரிவிட எண்ணும் மனோபாவமும் அந்தக் காரணங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த மனோபாவம் முத்தோடு போய்விடவில்லை. மாசி, பங்குனியில் கடல் காட்டும் செழிப்பின் பெரும்பகுதி, இனவிருத்திக்காகக் கடல்வாழ் உயிர்கள் கூடுவதனால் உண்டாகும் செழிப்பு. பங்குனி ஆமை என்று நம் மக்கள் வழங்கும் சிற்றாமை, தை முதல் பங்குனி வரையில் இரவில் கரையேறி மணலில் முட்டையிடுகிறது. அதற்காகக் கரைக்கு அருகே அது திரியும் வேளையில் இழுவைமடியில் அகப்பட்டால், மூச்சுவிட மேலே வரமுடியாமல் இறந்துபோகிறது. நீலக்கால் நண்டின் தாய், முட்டைத் திரளை வயிற்றடியில் சுமந்துகொண்டு திரிகிறது. அந்தத் திரள் முதலில் மஞ்சளாக இருந்து, குஞ்சு முதிர முதிரப் பழுப்பாகிப் பின் கருமையாகும். கருத்த திரளோடு அகப்பட்ட நண்டு ஓரிரு நாட்களில் இலட்சக்கணக்கான குஞ்சுகளைக் கடலில் விடவேண்டியது. வலையிலிருந்து அதை எடுத்துத் திரும்ப நீரில் விடுவதற்கு ஆகும் உழைப்பு அற்பம். ஆனால் அன்றாடச் செலவுக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பவனுக்கு அந்த ஒரு நண்டின் விலையும் அற்பமன்று. இதை மறந்துவிட்டு அவனுக்கு உபதேசம் செய்வதில் எனக்கு விருப்பமில்லை. முட்டை நண்டை விடுவிக்கிறவனுக்கு அதன் விலையை ஈடுசெய்வது அரசுக்கு இயலாத காரியமா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். எல்லைக்குட்பட்டவரை நன்மையான உஷ்ணம், எல்லை கடந்தால் என்ன செய்யும் என்பதைத் தென்கடலின் பவளப்பார்கள் நமக்குக் காட்டிவிட்டன. 21 தீவுகளைச் சுற்றியுள்ள அந்தப் பார்களை உள்ளடக்கிய கடற்பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளத்தின் உடலுக்குள்ளே குடியிருந்து அதற்கு ஆகாரமும் நிறமும் தரும் நுண்பாசி, நீர் 31 பாகையை ஒட்டிப் பல வாரங்கள் நிற்குமானால் வெளியேற்றப்படுகிறது. பவளம் வெளுத்து, உஷ்ணம் தணியாவிட்டால் மடிகிறது. 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாவில் இது பெருமளவில் நிகழ்ந்தது. கீழக்கரைப் பக்கத்தில் உடைமரக் குச்சிகளால் கூண்டு முடைந்து பார்களின் அருகே இறக்கி விளைமீன் பிடிக்கிறவர்களுக்குப் பவளத்தின் மரணம் சொந்த வீட்டுத் துக்கம். கடல் முன்னைவிட விரைவாகச் சூடேறும் ஆண்டுகளில் மாசியின் அந்த நிதானமான இடைவெளி சுருங்கிப்போகிறது. குளிருக்கும் வெப்பத்துக்கும் நடுவே மீனும் பவளமும் மூச்சுவிடும் அவகாசம் குறைகிறது. இந்தப் பருவத்தைப் பற்றி எழுதுகையில் என் நெஞ்சை மிகவும் உறுத்துவது இதுதான்.

இந்தக் கரையின் மீன்வளத்தை முறையாக ஆராயும் பணி நமக்குப் புதிதன்று. 1947-இல் தோன்றிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், 1949 முதல் 1971 வரையில் மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. காரல், சூடை, நண்டு, கணவாய் முதலியவற்றின் வாழ்க்கை வரலாறுகளை அங்கிருந்த ஆய்வாளர்கள் பொறுமையோடு சேகரித்தார்கள். 1999-இல் ஐதராபாதில் அமைந்த தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள்கள் அளந்தறியும் கடல்மேல் உஷ்ணத்தையும் நீரின் பசுமையையும் இணைத்துப் பார்த்து, மீன் திரளக்கூடிய இடங்களைத் தமிழிலும் அறிவிக்கிறது. குளிர்நீரும் வெந்நீரும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் இரை தேங்கும், இரையைத் தேடி மீன் கூடும் என்பதே அதன் அடிப்படை. ஆழ்கடலில் சூரையும் வஞ்சிரமும் தேடிச்செல்வோருக்கு அது பெரிய உபகாரம், எரிபொருள் மிச்சப்படும். ஆனால் கரையோரத்துக் கலங்கல் நீரில் செயற்கைக்கோளின் பார்வை அவ்வளவாகத் தெளிவதில்லை. நாலு பாகம் ஆழத்தில் நண்டுவலை விரிப்பவன் இன்றைக்கும் நீரின் நிறத்தையும் கயிற்றின் சாய்வையுமே நம்பியிருக்கிறான். அந்த அறிவை எழுதிவைப்பார் இல்லாமல் போய்விடக்கூடாது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் தொழிலுக்குப் போகத் தடை உண்டு. 2001 முதல் 45 நாட்களாக இருந்த இந்தத் தடை, 2017-இல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. நல்ல ஏற்பாடு, அதனால் பயன் இருக்கிறது என்பதற்குத் தடை முடிந்து திரும்பும் படகுகள் சாட்சி சொல்கின்றன. ஆயினும், நீர் சூடேறத் தொடங்கும் மாசியிலேயே கரையோரக் கடற்புல் வெளிகளில் முட்டையும் குஞ்சும் நிறைந்துவிடுகின்றன. தடை தொடங்கும் நாளில் உஷ்ணம் ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிடுகிறது. இடைப்பட்ட எட்டு வாரங்களுக்குக் காவல் என்று சொல்லத்தக்கவை இரண்டே. கரையை ஒட்டிய நீரை நாட்டுப்படகுகளுக்கே ஒதுக்கும் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகும் நான்கு நாள் நாட்டுப்படகும் கடலுக்குப் போவது என்று பாக் விரிகுடாக்காரர்கள் தமக்குள் ஏற்றுக்கொண்ட பழைய உடன்பாடு மற்றொன்று. தடைநாட்களை இன்னும் நீட்டுவதைவிட, இந்த இரண்டையும் மாசி பிறந்தது முதல் எழுத்துப் பிசகாமல் நடத்துவதும், இழுவைமடி புல்வெளிகளில் ஏறாமல் பார்த்துக்கொள்வதும், சிறுகண் வலைகளைப் பங்குனி முடியும் வரையில் கரையிலேயே வைத்திருப்பதும் அதிக நன்மை தரும் என்பது என் துணிபு. இவற்றைச் செய்யக் கூடியவர்கள் கரையிலுள்ள மீனவ சங்கங்களும் ஊர்ப் பெரியவர்களுமே. மீன்வளத் துறையார் அவர்களுக்குத் துணைநிற்க வேண்டும். நண்டு வாங்கும் வியாபாரிகளையும் இந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்வது அவசியம். முட்டை நண்டுக்கு விலை உள்ளவரையில் அது வலையிலிருந்து நீருக்குத் திரும்பாது.

சித்திரையில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்க, நாட்டுப்படகுகள் மட்டும் தொழிலுக்குப் போய்வரும். வைகாசியில் கச்சான் உரத்து வீசத் தொடங்கும், தென்கடல் குமுறும், அங்கே தொழில் பார்த்தவர்கள் படகையும் வலையையும் வடகரைக்கு மாற்றுவார்கள். நாகைப் பக்கத்தில் கோலாமீன் பருவம் அதற்குள் தொடங்கியிருக்கும்.